நான்கு வரிகளுக்குக் கிடைக்காத அனுமதி

மேடையில் வீற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, ஆய்வகச் சகோதரிகளே, முன்வரிசையில் கலங்கி அமர்ந்திருக்கும் மறைந்தவரின் துணைவியாரே, நிர்வாக அலுவலனாகிய என் வணக்கத்தை ஏற்றருளுங்கள்.

நம் மருத்துவமனையின் வலையமைப்புப் பொறியாளர், நீங்கள் பாசத்தோடு 'பேர் மாமா' என்றழைத்த பெருந்தகை, 2024 மே 7, செவ்வாய்க்கிழமை காலை 6.40 மணிக்கு மறைந்தார். 'ஏழு மணியளவில்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருப்பது பிழை.

ஆய்வகத்தில் நாற்பத்து மூன்று கணினிகள். ஞாயிறுதோறும் அவை சர்வரிடமிருந்து புது முகவரி பெறும். ஒவ்வொரு கணினியிலும் அந்த வேலையைச் செய்யும் ஸ்கிரிப்ட் என்னும் சிறு நிரல், முகவரியோடு பெயர் வராவிட்டால், கணினிக்கு ஏற்கெனவே இருந்த பெயரையும் அழித்துவிடும்! பெயரில்லாத கணினி அனுப்பும் இரத்தப் பரிசோதனை முடிவு வார்டுக்குப் போய்ச் சேராது. கேபிளைக் குறை சொன்னோம், பிரிண்டரைக் குறை சொன்னோம், அவரையும் குறை சொன்னோம். ஆராய்ந்தவர் யார்?

அவர் ஒருவரே ஆராய்ந்தார். 2023 மார்ச் 14 அன்று என் அறைக்கு வந்தார்.

"சார், கேபிள் பாவம், விட்டுடுங்க. யாரும் கூப்பிடலைன்னா நம்ம பேர் நமக்கு மறந்துடுமா? இந்த ஸ்கிரிப்டுக்கு மறந்துடுது. நாலு வரி மாத்தினா போதும்."

"எழுதிக் குடுங்க," என்றேன்.

16ஆம் தேதி தந்தார். விண்ணப்பத்தில் தேதியிடவில்லை. திருப்பி அனுப்பினேன். ஏப்ரல் 3 அன்று புதிதாக எழுதித் தேதியிட்டுத் தந்தார். கோளாறைக் கண்டுபிடித்து இருபது நாள் தாமதம் ஏன் என்று விளக்கம் கேட்டேன்! அந்தத் தாமதம் யாருடையது? என்னுடையதல்லவா!

"சரி சார், நீங்க தேதியைப் பாருங்க. நான் பேரைப் பாத்துக்கறேன்."

அன்று முதல் திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு கணினியாக அமர்ந்து கையாலேயே பெயரிட்டார்.

"வந்துட்டாரு பேர் மாமா! என் பிள்ளைக்கு இந்த வாரம் என்ன பேரு?" என்று ஆய்வகத்தில் கேலி செய்வார்கள்.

"போன வாரம் வச்ச அதே பேருதாம்மா. ஆபீஸர் மனசு மாறட்டும், அப்புறம் பேரு மாறாது."

கடந்த திங்கட்கிழமை, மே 13, அவர் இல்லை. நாற்பத்து மூன்றும் பெயரிழந்து நின்றன. ஒரு நோயாளியின் முடிவு மூன்று மணி நேரம் தாமதமாயிற்று. அந்த நோயாளி நலமாக இருக்கிறார். அது நம் திறமையால் அல்ல.

இன்று மே 16. காலையில் எல்லாக் கணினிகளிலும் அந்த நான்கு வரிகள் மாற்றப்பட்டன. 20ஆம் தேதி திங்கள், எட்டு மணிக்கு நானே சென்று சரிபார்ப்பேன். ஒன்று பெயரிழந்திருந்தாலும் நானே அமர்ந்து தட்டச்சு செய்வேன். இது அவர் படத்தின் முன் நான் தரும் உறுதி.

அம்மா, நான் திருப்பி அனுப்பிய முதல் விண்ணப்பம் அவர் மேசையில் இருந்தது. விட்டுப்போன தேதியை என் கையாலேயே எழுதினேன். 'அனுமதிக்கப்பட்டது' என்று கையொப்பமிட்டேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.