ஒன்பது பாலத்து வாளும் நான்கு செக்கன் வசனமும்

நீட்டி முழக்கினால் மேசையில் தட்டுவேன் என்று மேடையேறும்போதே என்னை எச்சரித்துவிட்டு, இப்போது கையில் கைக்கடிகாரத்தோடு தலைமை வகித்துக்கொண்டிருக்கும் பெருந்தகை செல்வரட்ணம் அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! மூன்று பஸ் மாறி, முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! ஒஷாவாவிலிருந்து ஓடோடி வந்த உறவுகளே! பிறம்ரனிலிருந்து புறப்பட்டு, பெருந்தெருவில் இரண்டு மணித்தியாலம் ஊர்ந்து, பொறுமையின் எல்லையைக் கண்டு திரும்பியிருக்கும் நண்பர் சுந்தரராஜன் அவர்களே! ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டி என்னை உற்சாகப்படுத்தும் அன்புச் சகோதரி மிஸிஸ் லியூங் அவர்களே! பேசுவது எனக்குக் கேட்காது என்று நினைத்துப் பின்வரிசையில் பேசிக்கொண்டிருக்கும் இளையோரே! உங்கள் எல்லோருக்கும் இந்த நவரட்ணத்தின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? ஒரு நாடகத்துக்காக. சீன நாடகம். ‘ஒன்பது பாலத்து வாள்.’ வானத்தில் பறக்கும் வீரர்களும், வாளால் ஆற்றை வெட்டும் வீராங்கனைகளும் வரும் நாடகம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நாம் புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர்நாட்டில், இதே அஜின்கோர்ட்டில், ஒரு பிளாசாவின் நிலக்கீழ் அறையில், எதிரொலியை அடக்க முட்டை மட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டி, மூச்சு முட்ட முட்ட, நம் தொலைக்காட்சிக்காக நாங்கள் தமிழில் குரல் கொடுத்த நாடகம்.

அதன் நாற்பது அங்கங்களையும் தூசு தட்டித் துலக்கியிருக்கிறார், ஒலிப்பதிவு படித்த தம்பி கிருபன். இன்னும் சற்று நேரத்தில் கடைசி அங்கம் இந்தத் திரையில் ஓடப்போகிறது. ஆனால் அதில் ஒரு குறை. நான்கு செக்கன், நான்கே நொடி, ஒலி அழிந்துவிட்டது. அந்த நான்கு செக்கனும் என் குரல்! ஆகவே இந்த மேடையில், உங்கள் முன்னிலையில், அதை நான் மறுபடி பேசவேண்டும். மைக் தயார். மெஷின் தயார். நான்தான் தயாரில்லை. ஏன் தெரியுமா? என்ன பேசுவது என்று இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

சிரிக்கிறீர்கள். ‘நவரட்ணத்தாருக்கே பேச்சு வரவில்லையாம்’ என்று அந்தப் பக்கம் ஓர் அன்ரி சொல்வதும் கேட்கிறது. அன்ரி, முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கோ.

அந்தக் கதை எங்களிடம் முதலில் கார்ட்டூனாகத்தான் வந்தது. சீனர்களின் கடைத்தொகுதியில் டிஸ்க் கடை வைத்திருந்தவர் மிஸிஸ் லியூங். அவர் சீனத்தைக் கேட்டு ஆங்கிலத்தில் சொல்வார். பகல் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் சுந்தரராஜன், அதைச் செந்தமிழில் எழுதுவார். அதை நாங்கள் வாயசைவுக்கு ஏற்ப வாசிப்போம். ஒலிப்பதிவாளர் எட்வேட் மெஷினில் பதிவார். யூலான் என்ற தங்கை. யூஹான் என்ற அண்ணன். ஒன்பதாவது பாலத்தைக் காக்க அண்ணன் போருக்குப் போகிறான். தங்கை வாளெடுத்து வீட்டைக் காக்கிறாள். ஏழு வருடப் போர். கடைசியில் போர் ஓய்கிறது, பனிப்புகார் விலகுகிறது, பாலத்தின் மேல் அண்ணன் நடந்து வருகிறான். ‘அண்ணா! வந்துவிட்டீர்களா!’ என்று யூலான் கூவுவாள். கூவியவர் யார்? இதோ முன்வரிசையில், தன்னைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று தெரிந்ததும் கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கிவிட்ட தங்கை ஜெயமலர்!

அந்தக் கூவலை அன்று எத்தனை பிள்ளைகள் பாடமாக்கினார்கள்! எத்தனை வீடுகளில் பள்ளிக்கூட அடிமட்டம் வாளானது! எத்தனை சோபாக்கள் பாலமாகிப் பஞ்சு பறந்தன! கை தூக்குங்கள் பார்ப்போம். கிருபன், உங்கட கையையும் தூக்குங்கோ. வெட்கப்படாதேங்கோ.

பிறகு இரண்டாயிரத்து ஒன்பது, மாசி மாதம். அதே கதையை மனிதர்களை வைத்து நாடகமாக எடுத்திருக்கிறார்கள் என்று மிஸிஸ் லியூங் டிஸ்க் பெட்டியோடு வந்தார். கார்ட்டூனில் மூங்கில் நுனியில் மிதந்தவர்கள், நாடகத்தில் கம்பியில் தொங்கினார்கள். கம்பி நன்றாகவே தெரிந்தது! கார்ட்டூனில் கம்பீரமாகப் பேசிய கொக்கு, நாடகத்தில் இறகுச் சட்டை போட்ட ஒரு தடித்த மனிதர். அந்தக் கொக்குக்குக் குரல் கொடுத்தவன் அடியேன். போதும், போதும், அதற்குக் கைதட்ட வேண்டாம்.

அந்த நேரத்தில்தான் நான் ஒரு பெரிய புத்திசாலித்தனம் செய்தேன். கார்ட்டூனுக்கு எழுதிய வசனம் நாற்பது கட்டாக அலுமாரியில் இருந்தது. கதை ஒன்றுதானே! மறுபடி ஏன் மொழிபெயர்ப்பு? மிஸிஸ் லியூங்கை ஏன் அலைக்கழிப்பு? ‘நீங்கள் வரத் தேவையில்லை, எங்களிடம் எல்லாம் இருக்கிறது’ என்று அவரை அனுப்பிவிட்டேன். முன்கூட்டிப் பார்க்கவும் இல்லை. அங்கத்தைப் போடுவோம், பழைய வசனத்தைப் பேசுவோம், வாய் நீண்டால் ஒரு சொல்லைக் கூட்டுவோம். முப்பத்தொன்பது அங்கம் பிசகவில்லை. நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் வெளியே அது என்ன காலம், என் உறவுகளே? உங்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா? ஊரில் போர். அதை நிறுத்தச் சொல்லி இங்கே குளிரில் தெருவில் நின்றோம். கைகோத்து நின்றோம். கத்திக் கத்தித் தொண்டை கட்டி நின்றோம். வீட்டுக்கு வந்தால் போன். போனை வைத்தால் செய்தி. செய்தியை மூடினால் மறுபடி போன். ஜெயமலரின் அண்ணன் தயாபரன் கிளிநொச்சியில் வாத்தியார். பங்குனியில் மாத்தளனிலிருந்து இரண்டு நிமிடம் பேசினார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

அப்போதும் ஜெயமலர் ரெக்கோர்டிங்குக்குத் தவறாமல் வந்தார். பல் வைத்தியரின் அலுவலகத்தில் வேலை முடித்து, சாப்பிடாமல்கூட வந்தார். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

“அண்ணை, கடைசி அங்கத்தில அந்த வசனம் இருக்குத்தானே? வெட்டிப்போட மாட்டீங்கள்தானே?”

“ஏன் பிள்ளை வெட்டுறன்? கார்ட்டூனில இருந்தா உதிலயும் இருக்கும்.”

“அதைச் சொல்லுறதுக்காண்டித்தான் நான் வந்துகொண்டிருக்கிறன்.”

அந்த வசனத்தை வாய்விட்டுச் சொல்லும் நாளில் தன் அண்ணனும் வந்துவிடுவார் என்று அந்தப் பிள்ளை மனதுக்குள் நேர்ந்து வைத்திருந்தது. நானும் தலையாட்டினேன். பார்க்காத டிஸ்க்கை நம்பித் தலையாட்டினேன்!

போர் முடிந்தது என்ற செய்தியோடு வைகாசி பதினெட்டு வந்தது. அந்த நாளைப் பற்றி இந்த மண்டபத்தில் நான் பேசமாட்டேன். எல்லோர் வீட்டிலும் அது நடந்தது.

இருபதாம் திகதி, புதன்கிழமை பின்னேரம், கடைசி அங்கத்தின் பதிவு. ஒத்திவைப்போம் என்றேன். ஜெயமலர் கேட்கவில்லை. கண் வீங்கி, குரல் கம்மி, வசனத்தாளை இரண்டு கையாலும் பிடித்தபடி மைக் முன்னால் நின்றார். எட்வேட் படத்தை ஓடவிட்டார். போர் ஓய்ந்தது. பனிப்புகார் விலகியது. பாலத்தில் ஓர் உருவம். ஜெயமலர் மூச்சை இழுத்தார். ஆனால் வந்தது யூஹான் இல்லை!

யாரோ ஒருவன். காலில் கட்டு. கையில் துணி சுற்றிய ஒரு வாள். யூலான் அவனிடம் ஏதோ கேட்கிறாள். அவன் நான்கு செக்கன் வாயசைக்கிறான். அவள் திரும்பி, நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். அவ்வளவுதான். நாடகக்காரர் முடிவை மாற்றிவிட்டார்கள்.

எட்வேட் படத்தை நிறுத்தினார். நான் மிஸிஸ் லியூங்குக்குப் போன் எடுத்தேன். கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார் அந்த மனுசி. படத்தைப் பார்த்தார். ஜெயமலரைப் பார்த்தார். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “என் அண்ணன் எங்கே என்று அவள் கேட்கிறாள். இறந்துவிட்டான் என்று அவன் சொல்கிறான்.” சொல்லிவிட்டு ஜெயமலரின் கையைப் பிடித்தவர், அன்று முழுக்க விடவில்லை.

அந்தத் தூதுவனுக்குக் குரல் யார்? ஆள் குறைவு. கொக்கும் நான்தான், தூதுவனும் நான்தான். ஒரே அறை, இரண்டு மைக், நேருக்கு நேர். அந்தச் சொல்லை அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து நான் சொல்லவேண்டும். சொல்லுவீர்களா நீங்கள்? உங்களில் யாராவது சொல்லுவீர்களா?

“பிள்ளை, யோசியாதை. நான் மாத்திச் சொல்லுறன். ‘உன் அண்ணன் பின்னால் வருகிறார்’ எண்டு விடுறன். வாயசைவுக்கு வடிவா அடங்கும்” என்றேன்.

“பொய் சொல்லாதேங்கோ அண்ணை. ரெண்டு மாசமா எல்லாரும் எனக்கு உதைத்தான் சொல்லினம். அங்கால நிக்கிறார், இஞ்சால நிக்கிறார், கப்பலில வாறார் எண்டு.”

“அப்ப சீனத்தில உள்ளதையே சொல்லட்டோ?”

“அதையும் சொல்லாதேங்கோ. உங்களுக்கு ஆர் சொன்னது அவர் செத்திட்டார் எண்டு?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது, சபையோரே. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்தப் பிள்ளையிடம் கத்தினேன். “உதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாமெண்டா நான் என்னத்தைத்தான் சொல்லுறது?”

“தெரியாதெண்டு சொல்லுங்கோ. உண்மை அதுதானே அண்ணை?”

எட்வேட் மெஷினைத் தட்டினார். நான் சொன்னேன்: “தங்கையே, நான் அவரைக் காணவில்லை. எங்கே என்று எனக்குத் தெரியாது.” அதற்குப் பிறகு திரையில் யூலானின் முதுகு. சீனத்தில் அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ஜெயமலர் பேசினார். தாளில் இல்லாததைப் பேசினார். “நீங்கள் எத்தினை நாள் நடந்து வந்தனீங்கள்? இருங்கோ. முதல்ல சாப்பிடுங்கோ.”

நாற்பது அங்கமும் நாங்கள் ஒரு ‘எண்டு’ விட்டால் பேனாவோடு பாய்ந்து ‘என்று’ ஆக்கியவர் சுந்தரராஜன். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “போதும் எட்வேட். இன்னொரு டேக் வேண்டாம்” என்றார். ஐயா, அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்றும் உங்களை மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அது ஒளிபரப்பாயிற்று. முடிவை மாற்றியதற்குப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள் என்று நான் தொலைபேசியருகே இருந்தேன். எடுத்தவர்கள் பிள்ளைகள் இல்லை. தாய்மார். ஒரு தாய் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “தம்பி, ஒருத்தர் ‘இருக்கிறான்’ எண்டார், ஒருத்தர் ‘முடிஞ்சுது’ எண்டார். தெரியாதெண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். இண்டைக்குத்தான் அடுப்பு மூட்டினனான்.”

அறிந்ததை அறிந்தேன் என்பது எளிது. அறியாததை அறியேன் என்று சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சுரம் வந்தது அன்று? அதிகாரம் அதைச் சொன்னதா? அறிக்கை சொன்னதா? ஆறுதல் சொல்ல வந்த நாங்களாவது சொன்னோமா? பல் வைத்தியரின் முன்மேசையில் வேலை செய்த ஒரு பெண்தான் எங்களுக்கு அதைச் சொல்லித் தந்தாள்!

சரி, தலைவர் மேசையைத் தொடுகிறார். வந்துவிட்டேன் ஐயா.

இப்போது என் கையில் கிருபன் தந்த தாள் இருக்கிறது. முறையாகச் செய்வித்த மொழிபெயர்ப்பு. “அங்கிள், ஒரிஜினல்ல அவர் செத்திட்டார் எண்டுதான் இருக்கு. நாங்க ஆக்யுரேட்டா இருக்கோணும்” என்றார். பிழை சொல்லவில்லை அந்தப் பிள்ளை. வேலை தெரிந்தவன் அப்படித்தான் கேட்பான். பதினைந்து வருடமும் ஆகிவிட்டது. சரியானதைச் சொல்லும் காலம் வந்துவிட்டதா? அன்று செய்ததை நான் திருத்தவேண்டுமா? அதைத் தீர்மானிக்க நான் யார்?

தங்கை ஜெயமலர், உங்களிடமே கேட்கிறேன். எதைச் சொல்லட்டும்? எழும்ப வேண்டாம், இருந்தபடியே சொல்லுங்கோ. தம்பிமார், கொஞ்சம் அமைதி. என்ன பிள்ளை? ஆ… சரி… சரி பிள்ளை.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. தங்கை சொல்கிறார்: “இண்டைக்கும் தெரியாதுதானே அண்ணை? தெரியாதெண்டே சொல்லுங்கோ. ஆனா இந்த முறை, தேடுறம் எண்டும் சொல்லுங்கோ. நாலு செக்கனுக்குள்ள அடங்கும்.”

அடங்கும் பிள்ளை. அடங்காவிட்டாலும் அடக்குவேன்.

கைதட்ட வேண்டாம், மெஷின் ஓடப்போகிறது. சொன்ன பிறகு நான் ஒரு சொல்லும் பேசமாட்டேன், ஆகவே நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன். பொறுத்திருந்த தலைவருக்கு நன்றி. வந்திருந்து கேட்ட உங்களுக்கு நன்றி. கையை விடாத மிஸிஸ் லியூங்குக்கு நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்.

கிருபன், போடுங்கோ.

“தங்கையே… தெரியாது. தேடுகிறோம்.”