கிரிம்ஸ்பியின் கருத்து

ருபார்ப் தண்டை நறுக்கும்போது இலையை ஒட்ட வெட்டி எறிந்துவிட வேண்டும், திரு. ப்ரூவெட். இலை நஞ்சு. தண்டுக்கு ஒரு குறையும் இல்லை. சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் போதும். இன்னொரு துண்டு ருபார்ப் கேக் எடுத்துக்கொள்ளுங்கள், என் தோட்டத்தில் விளைந்தது. உங்கள் டேப் ஓடட்டும். என் தம்பியின் ஆல்பத்தைப் பற்றி எழுத, கார்லைலிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைத்துப் பேசினால் அது மரியாதையாக இருக்காது.

ஆல்பம் வெளிவந்தது 1973 அக்டோபரில். "ஓதக் குமாஸ்தா." என் தம்பி ஆல்ரிக் எழுதி இசையமைத்தது; இரண்டு இசைத்தட்டு, நான்கு பக்கம். கதை உங்களுக்கு மனப்பாடம், இருந்தாலும் டேப்புக்காகச் சொல்கிறேன். துறைமுகத்தில் ஓதம், அதாவது கடல், ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் அட்டவணையாக எழுதும் குமாஸ்தா ஒருவன் நிலவைக் காதலிக்கிறான். நிலவு அவனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கோபத்தில் அவன் அட்டவணையில் ஒரே ஒரு வரியை எழுதாமல் விட்டுவிட, கடல் குழம்பிப்போய், இறங்கியது இறங்கியபடியே நின்றுவிடுகிறது. நான்காம் பக்கம் முழுக்க ஊர் வறண்டு கிடக்கும். மிகவும் யோசித்து எழுதிய கதை. அப்போது ஆல்ரிக்குக்கு இருபத்தாறு வயது. காதலித்த அனுபவம் கிடையாது.

குழுவுக்குப் பெயர் பில்பீம்ஸ் ஹெரன். ஆல்ரிக் கீபோர்டு, ஜெர்வேஸ் பாட்டு, நாபி டிரம்ஸ், லெஸ்லி பேஸ் கிதார். நான் ரசிகர் மன்றச் செயலாளர். அதாவது, நான் ஆல்ரிக்கின் அக்கா; என்னிடம் ஒரு டைப்ரைட்டர் இருந்தது. ஆல்பத்தின் உள்ளட்டையில் "கேட்டவர்கள் கருத்தை எழுதுங்கள்" என்று இந்த ஃபேவர்ஷம் வீட்டு விலாசத்தைப் போட்டிருந்தார்கள். என்னைக் கேட்டுவிட்டுப் போடவில்லை. பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நால்வரும் இந்த மேஜையில்தான் சாப்பிடுவார்கள். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, புதினாச் சாறு. சாப்பிட்டு முடிந்ததும் அந்த வாரக் கடிதங்களை நான் படித்துக் காட்டுவேன். முதல் கடிதம் சண்டர்லாந்திலிருந்து வந்தது. "நன்றாக இருந்தது. நன்றி." அவ்வளவுதான். ஆல்ரிக்கின் முகம் சுருங்கிப்போனது. மூன்று வருட உழைப்புக்கு மூன்று வார்த்தை. ஆகவே அடுத்த கடிதத்தைப் படிக்கும்போது, "கேட்டபின் இரண்டு நாள் என் மனைவியோடு பேசவே தோன்றவில்லை" என்று ஒரு வரி நானாகச் சேர்த்துக்கொண்டேன். மேஜையைச் சுற்றி நான்கு முகமும் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. அன்பினால் செய்தது, திரு. ப்ரூவெட். தொடக்கம் அன்புதான்.

நாபியின் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் பதினேழு நிமிடம். அதை அவன் பழகியது இந்த அறையில், என் பீங்கான் அலமாரிக்குப் பக்கத்தில். டிசம்பரில் சண்டர்லாந்துப் பெண்மணி ஒருத்தியின் கடிதத்தைப் படித்தேன். "டிரம்ஸ் முடியட்டும் என்று காத்திருந்ததில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. பாலைத் துடைத்து, பாத்திரம் தேய்த்து, திரும்பி வந்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை."

லெஸ்லி வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"ஏன்டா, நெசமாவே நீளமா இருக்கா?" என்றான் நாபி.

"பாலுக்கு நீளம்தான்டா," என்றான் ஜெர்வேஸ்.

அடுத்த கச்சேரியில் அது பதினொரு நிமிடம். சண்டர்லாந்தில் அப்படி ஒரு பெண்மணி இல்லை, அப்படி ஒரு பாலும் இல்லை. எத்தனையோ முறை நானே சொல்லியிருக்கிறேன், "தம்பி, கொஞ்சம் குறைச்சுக்கோப்பா" என்று. "அக்காவுக்கு இதெல்லாம் புரியாது" என்பார்கள். எங்கேயோ இருக்கிற ஊர்க்காரர் எவராவது தபாலில் சொன்னால் வேதவாக்கு.

எல்லாவற்றையும் பாராட்டும் கடிதத்தை நாளாவட்டத்தில் யாரும் நம்புவதில்லை. எதிலும் திருப்திப்படாத ஒருவர் தேவைப்பட்டார். அப்படித்தான் கிரிம்ஸ்பியிலிருந்து சிரில் ஆட்வெல் எழுதத் தொடங்கினார். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்றவர், அறுபத்துநான்கு வயது, மனைவி இல்லை, தொலைபேசி இல்லை. அவருக்காக என் இடது கையால் எழுதினேன். "இரண்டாம் பக்கம் பரவாயில்லை. மூன்றாம் பக்கம் தடம் மாறிய ரயில்." இப்படித்தான் எழுதுவார். ஒரு மாதத்தில், மற்றக் கடிதங்களை நான் எடுத்தாலே, "அது கெடக்கட்டும்க்கா, கெழவர் என்ன சொல்றார்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜெர்வேஸ் மேடையில் போட்டுக்கொண்டிருந்த வெள்ளி அங்கியைக் கழற்றியது சிரில் சொல்லித்தான். அதில் நீங்களும் என்னை ஆதரிப்பீர்கள்.

1974 நவம்பரில் ஒரு ஞாயிறு, ஜெர்வேஸ் கையில் முள்கரண்டியோடு எழுந்து நின்றான். "அக்கா, சேதி தெரியுமா? ஜனவரில அமெரிக்கா. ரெண்டு வருஷம். ஒங்க ஆட்டுக்கறிக்கு இனிமே லீவு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இனிப்பு பரிமாறினேன். ஆல்ரிக் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆக, அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அடுத்த வாரம் சிரில் எழுதினார்: "பாடுகிறவரின் குரல், நனைந்த குடையை மடக்குவது போல் இருக்கிறது. இசை நன்று. அவர் வாய் திறக்கும்வரை." அதன் பிறகு ஐந்து வாரத்தில் லீட்ஸ், ஹல், பிரிஸ்டல், ஊர் ஊராக அதே கருத்து. ஒவ்வொருவருக்கும் வேறு மை, வேறு காகிதம். ஒரு பல் மருத்துவர் பெயரில் மட்டும் எழுத்துப்பிழையே இல்லாமல் எழுதியது என் தவறு.

"நாப்பது பேருமாக்கா?" என்று கேட்டான் ஜெர்வேஸ்.

"நாப்பத்தொண்ணு," என்றேன். பொய்க்கணக்குச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அவன் தட்டில் இருந்ததை முடிக்காமல் எழுந்து போனான். இப்போது கில்லிங்ஹமில் கம்பளம் விற்கிறான். தேவாலயத்தில் எல்லோரும் எழுந்து பாடும்போது அவன் மட்டும் வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தபடி நிற்பானாம். அவன் மனைவி சொன்னாள். நல்ல பெண். பாடகன் போனதும் அமெரிக்காவும் போனது. வசந்தத்துக்குள் நாபியும் லெஸ்லியும் ஆளுக்கொரு வேலை தேடிக்கொண்டார்கள். அவர்களுக்கு இரண்டிரண்டு கடிதமே போதுமாக இருந்தது.

ஆல்ரிக் தன் பழைய அறைக்கே திரும்பி வந்தான். பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பான். மற்ற நேரமெல்லாம் ஆல்பத்தைத் திருத்துவான். ஆமாம், அதே ஆல்பத்தை. சிரில் திருப்திப்படும்வரை. திருத்தியதை டேப்பில் பதிந்து, கிரிம்ஸ்பி விலாசம் எழுதி என்னிடம் கொடுப்பான். நான் வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வருவேன். டேப்புகள் எல்லாம் என் அலமாரியில், குளிர்காலக் கோட்டுகளுக்குக் கீழே பத்திரமாக இருக்கின்றன. பத்து நாளில் பதில் வரும். "முன்னேற்றம் தெரிகிறது. முடிவு இன்னும் சரியில்லை." இருபத்துநான்கு வருடம். 1986இல் ஜப்பானிலிருந்து ஒரு கம்பெனி, ஆல்பத்தை மறுபடி வெளியிட அனுமதி கேட்டு எழுதியது. அந்தக் கடிதத்தையும் நான்தான் பிரித்தேன். அரைகுறையாக இருப்பதை உலகத்துக்கு அனுப்பினால் அவனுக்குத்தானே அவமானம்?

1998இல் அவன் கிரிம்ஸ்பிக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டான். "அக்கா, அவருக்கு எண்பத்தெட்டு ஆயிடுச்சு. இன்னும் எத்தன நாள் இருப்பாரு? நேர்ல போய் ஒரு தடவ வாசிச்சுக் காட்டிட்டு வந்துடறேன்."

எனக்கு வேறு வழி இருந்ததா, நீங்களே சொல்லுங்கள். வியாழக்கிழமை சிரில் காலமானார். நிமோனியா.

ஆல்ரிக் நான்கு மாதம் பியானோவைத் திறக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டான். நான் கல் இல்லை, திரு. ப்ரூவெட். அவன் கஷ்டத்தைப் பார்க்க முடியாமல்தான் சிரிலின் தம்பி மகள் எட்னாவை எழுத வைத்தேன். பெரியப்பாவின் பீரோவில் டேப்புகளைப் பார்த்தாளாம், ஒவ்வொன்றாகக் கேட்டு வருகிறாளாம், தனக்கும் சில கருத்துகள் உண்டாம். அன்று மாலையே அவன் இரண்டு முட்டை சாப்பிட்டான். இரக்கம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

உண்மையான கடிதங்களா? ஆயிரத்துக்கு மேல் வந்தன. எல்லாவற்றையும் நான் படித்தேன். ஒன்றைக்கூடப் படிக்காமல் விடவில்லை. பிறகு கிழித்து, ஊறவைத்து, ருபார்ப் பாத்தியில் உரமாகப் புதைத்தேன். காகிதம் அதற்கு ரொம்ப நல்லது. வேண்டாமென்றால் தட்டை ஓரமாக வைத்துவிடுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

உங்கள் கடிதங்கள் நினைவிருக்கின்றன. மூன்று, பச்சை மை. உங்கள் அண்ணன் சுரங்க விபத்தில் இறந்த வாரம் நான்காம் பக்கத்தைப் பதினொரு தடவை கேட்டதாக எழுதியிருந்தீர்கள். "கடல் திரும்பாத இடத்தில் நான் அழுதேன்." அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது, அதைப் புதைக்க மனம் வரவில்லை. சிரிலுக்குக் கொடுத்தேன். ஒரு சொல்லைத்தான் மாற்றினேன். "கடல் திரும்பாத இடத்தில் நான் கொட்டாவி விட்டேன்." அதைக் கேட்ட பிறகுதான் ஆல்ரிக் முடிவைத் திருத்தத் தொடங்கினான். ஆக, உங்கள் கருத்து அவனிடம் போய்ச் சேரவில்லை என்று நீங்கள் சொல்வது சரியல்ல.

இந்த நேரத்தில் அவன் மாடியில்தான் இருப்பான். நீங்கள் போய் எல்லாவற்றையும் சொல்லலாம். நான் படியை மறிக்கப்போவதில்லை. ஆல்பம் மகத்தானது என்று சொல்லுங்கள். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொள்வான், டீ வேண்டுமா என்பான். பிறகு கீழே இறங்கி வந்து, இந்த மனிதர் சொல்வது சரியா என்று எட்னாவுக்கு எழுதிக் கேட்கச் சொல்வான்.

என்ன கேட்டீர்கள்? எனக்கு அந்த ஆல்பம் பிடித்திருந்ததா என்றா?

விசித்திரம். முப்பத்தொரு வருடத்தில் இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள். ஞாயிறுதோறும் இந்த மேஜையில் சண்டர்லாந்து என்ன நினைக்கிறது, ஹல் என்ன நினைக்கிறது என்று கேட்டார்கள். கறி வெட்டிக்கொடுத்தவளை ஒருவரும் கேட்டதில்லை. அதனால் எனக்குக் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். நான் அந்த மாதிரிப் பெண் இல்லை.

பிடித்திருந்தது. முதன்முதலில் அவன் அந்த நான்காம் பக்கத்தை வாசித்துக் காட்டியபோது, கதவுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதைவிட அழகாக எதையும் நான் கேட்டதில்லை. அதில் ஒரு சுரம்கூட மாற்றத் தேவையில்லை.

அவனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். எட்னா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.