நாலு நிமிடம் பிந்திய அலறல்

"பொணம் எந்திரிச்சு, ஆளக் கடிச்சு, போயும் போயிடுச்சு. அதுக்கு நாலு நிமிஷம் கழிச்சுக் கத்துறோம்டா நாம."

லோனாவ்ளா லோக்கல் ரயிலில் எனக்கு எதிரே இருந்த கண்ணாடிக்காரர்தான் சொன்னார். பக்கத்தில் ஃபாக்டரி யூனிஃபார்மில் அவருடைய நண்பர். ஜோம்பி படம் பார்த்தபடியே இருவரும் பேசி, அந்தப் பேச்சை மட்டும் இன்டர்நெட்டில் போடுகிறார்களாம். கேட்கிறவர் வீட்டில் அதே படத்தை ஓடவிட்டுக் கேட்க வேண்டும்.

"அது எப்படிடா பிந்தும்?"

"நாம பாக்குற படம் எல்லாமே ரெண்டு சிடி. மொத சிடிய எடுத்து, அடுத்தத தொடச்சுப் போட்டு, சாய் குடிச்சோமே, அப்பவும் ரெக்கார்டிங் ஓடிருக்கு. கேக்குறவன் வீட்ல படம் நிக்காம ஓடுமே."

"நீ வெட்டலையா?"

"நீ வெட்டியிருப்பேன்னு நெனச்சேன்."

"எந்த எபிசோட்ல?"

"போட்ட பதினொண்ணுலயும்."

காசர்வாடி ஸ்டேஷன் வந்து போனது.

"அரே, விடு. இனிமே நடுநடுவுல 'இப்ப கதவு உடையுது'ன்னு சொல்லிடுவோம். அத வச்சு ஜனங்க சரிபண்ணிக்குவாங்க."

"எந்த ஜனங்க? ஒரு வருஷமா தப்பா ஓடுது. தப்புன்னு ஒருத்தன்கூட எழுதல."

யூனிஃபார்ம்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆகுர்டி நெருங்கியதும் பையை எடுத்தார்.

"நீ எப்ப கண்டுபிடிச்ச?"

"நேத்து. நேத்துதான் மொத தடவையா படத்தோட போட்டுக் கேட்டேன். நீ?"

"நான் கேட்டதே இல்லடா. நீ கேக்குறேன்னு நெனச்சுத்தான் பேசிட்டிருந்தேன்."