இதயத்தின் மேல் இன்னும் இருக்கும் படலம்

மெல்லிய துடிப்பையும் மெய்யாய்க் கேட்கக் கற்பித்த பேராசிரியர் மியோஷி சிஸுகோ அம்மையீர், வணக்கம்!

ஒசாகாவில் இந்த ஆய்வுக்கூடத்தைத் தொடங்கிய நீங்கள் இந்த மார்ச்சோடு ஓய்வு பெறுகிறீர்கள். வாழ்த்த வந்த எங்களை வருத்தம் முந்திக்கொள்கிறது.

இதயத்தின் சன்னமான மின்குறியைக் கம்பி வழியே வெளியே கொண்டுவந்தால் வழியெல்லாம் இரைச்சல் சேரும். பிறந்த இடத்திலேயே அதைப் பெருக்க வேண்டும் என்றீர்கள். கரிமப் பொருளால் டிரான்சிஸ்டர் செய்து, சவ்வினும் மெல்லிய படலத்தில் பதித்து, ஓர் ஆட்டின் துடிக்கும் இதயத்தின் மேலேயே போர்த்தினீர்கள். முதல் நாள் திரையில் பெரிய பெரிய அலைகள். நாங்கள் துள்ளினோம். நீங்கள் மட்டும் திரையை விட்டு ஆட்டைப் பார்த்தீர்கள்.

“கைதட்டாதீங்க. அது இதயம் இல்ல, ஆடு அசை போடுது.”

அந்தத் தோல்விக்கும் ஒகொனோமியாகி அடைக் கடையில் விருந்து வைத்த தாராளமே!

அதன்பின் வந்தது யோமோகி என்ற வெள்ளாடு. ஆண்டுக்கணக்கில் படலத்தைச் சுமந்தது அது ஒன்றே. இத்தனை காலம் ஈரத்தில் கிடந்த படலம் எப்படி இருக்கிறது, சுற்றிலும் தழும்பு கட்டியதா என்பதே மனித உடலில் பொருத்தும் முன் மருத்துவர்கள் கேட்கும் கேள்வி. விடை காண ஆட்டைக் கொல்ல வேண்டும். உங்கள் ஓய்வோடு ஆய்வு அனுமதியும் முடிவதால், விதிமுறையும் அதையே சொன்னது. நீங்களோ கால்நடை மருத்துவத் துறையின் வாசலில் பலமுறை தலைவணங்கி, அனுமதியை அவர்கள் பெயருக்கு மாற்றினீர்கள்.

உங்கள் துணைப் பேராசிரியர் ஓகுரா வாதாடிப் பார்த்தார். “சென்செய், நாளைக்கு அதை எடுத்துப் பார்க்கப்போறது வேற யாரோ. உங்க கடைசிக் கட்டுரை பாதியிலேயே நிக்கும்.”

“நிக்கட்டும் ஓகுரா. இதயமும் ஓடுது, பெருக்கியும் ஓடுது. ரெண்டையும் நிறுத்திட்டு நான் என்னத்தப் பார்க்க?”

எங்களில் சிலர் அது தவறு என்றே இன்றும் நினைக்கிறோம். காத்திருக்கும் நோயாளிகளையும் நினைக்கிறோம். ஆயினும் ஆட்டுக்கொட்டிலைக் கடக்கும்போது எவரும் உங்களோடு வாதாடுவதில்லை. விடையைக் கையில் தராமல் உங்களை அனுப்புகிறோமே என்பதே எங்கள் ஆற்றாமை.

யோமோகி முதுமையில் தானாய்க் கண்மூடும் நாளில்தான் அந்த விடை வரும். அது மிக மிகத் தாமதமாகவே வரட்டும். வரும் நாளில், முதல் தொலைபேசி அழைப்பை எடுக்க நீங்கள் நலமோடு இருக்க வேண்டும்.

நீங்காத அன்புடன்,
மியோஷி ஆய்வுக்கூடத்தார்