ஏழாம் படியில் தவறு வைத்த எங்கள் அக்காவுக்கு

புதுக் கணினித் தளம் ஒன்று பிறந்த மறுநாளே அதைப் புரட்டிப் பார்த்து, புதிர்களைப் பிரித்துப் போட்டு, புரியும்படி புகட்டிய புலமைப் பெருந்தகையே! பிழைச் செய்தியைக் கண்டு பிறர் பதறியபோது, காதல் கடிதம் போல் அதைக் கடைசி வரி வரை உரக்கப் படித்துக் காட்டிய பயிற்சித் திலகமே! மூன்றாம் மாடியின் முடிசூடாத அரசியே! மூவாயிரம் மென்பொருளாளரின் முட்டுச்சந்துகளுக்கு வழி சொன்ன மூதறிவே! (முப்பது லட்சம் என்றுதான் எழுதினேன், பதிவேட்டுக்காரர் அடித்துவிட்டார்.) புரொஜக்டர் புகைந்தாலும் புன்னகை குறையாத பொறுமைக் கடலே! எங்கள் அக்காவே! இருபத்தெட்டு ஆண்டுகள் எங்கள் முன் நின்றுகொண்டே பேசிய தாங்கள், இன்று ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டருள வேண்டுகிறோம். பயப்படாதீர்கள், அது பயிற்சி அறையின் அந்த ஆடுகிற நாற்காலி அல்ல.

பயிற்சிப் பிரிவின் ஊழியர் அனைவர் சார்பிலும் தங்கள் ஓய்வு விழாவுக்கு இம்மடலை எழுதும் பேறு எனக்கு வாய்த்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே அரங்கில் கைதட்டல் வாங்கிக்கொண்டு ஓய்வுக்குப் போனவன் நான். என் பெயர் பலருக்கு மறந்துபோயிருக்கும். "பெருசு" என்றால் லிஃப்ட்டுக்கும் தெரியும். "பெருசுக்கு வீட்ல என்ன வெட்டி முறிக்கிற வேலை? எழுதச் சொல்லுங்க" என்று யாரோ சொல்ல, வேலை என் தலையில் விழுந்தது; நானும் ஆசையாகக் குனிந்து வாங்கிக்கொண்டேன். வாசிப்பவர் நம் வரவேற்பறைத் தங்கை. அக்கா முறைத்தாலும் நிறுத்தக் கூடாது, மைக்கைக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

தாங்கள் இங்கே பணியேற்றபோது, பயிற்சி அறை என்று காட்டப்பட்டது பழைய மேசைகளை அடுக்கி வைத்த ஓர் இருட்டுக் கூடம். இருபத்து நான்கு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அடியில் ஒரு நீல வாளி. அந்த அறைக்குள் வந்து போகாத தொழில்நுட்பம் உண்டா! மேசைக் கணினி போய் வலைத்தளம் வந்தது. வலைத்தளம் சலித்துக் கைபேசிச் செயலி வந்தது. பிறகு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிளவுடுக்குப் போ என்றார்கள். தயாரித்த நிறுவனமே தடுமாறிய தளங்களைத் தாங்கள் தெளிவாக்கினீர்கள். தளத்தைச் செய்தவர்களே தங்கள் கையேட்டை இரவல் வாங்கிப் படித்ததாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான். ஆனாலும் இதுவரை யாரும் மறுக்கவில்லை.

தங்கள் கற்பித்தலின் தனிச்சிறப்பு ஒன்றை இன்று வெளியிடுகிறோம். தாங்கள் எழுதிய ஒவ்வொரு பயிற்சிக் கையேட்டிலும் ஏழாம் படி தவறாக இருக்கும். தெரிந்தே, திட்டமிட்டே, தித்திப்பாக வைத்த தவறு! ஆறு படிகளை யோசிக்காமல் பார்த்து அடித்தவர்கள் ஏழாவதில் தடுக்கி விழுவார்கள். திரை சிவக்கும். "அக்கா, உங்க கையேடு தப்பு!" என்று ஒருவர் கத்துவார். தாங்கள் ஆடாமல் அசையாமல் வந்து நின்று, "அப்படியா கண்ணு? என்ன எதிர்பார்த்த? என்ன வந்துச்சு?" என்று கேட்பீர்கள். அந்த இரண்டு கேள்வியில்தான் பாடமே ஆரம்பிக்கும். பயின்று முடித்தவர், பயில வருபவரிடம் இதைச் சொல்லக் கூடாது என்பது எழுதாத சட்டம். இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. முன்வரிசையில் இருக்கும் நம் தலைவர் இப்போதுதான் கேள்விப்படுகிறார். அவர் முகத்தை எல்லாரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரில் வர இயலாதவர்களுக்காகத் தாங்கள் வீட்டிலிருந்து பதிவு செய்த நாற்பது ஒளிப்பாடங்களை நாடே அறியும். அதிலும் பன்னிரண்டாம் பாடம் பெரும்புகழ் பெற்றது. தரவுத்தளத்தைப் பற்றித் தாங்கள் தழுதழுக்கும் அளவுக்கு விளக்கிக்கொண்டிருக்க, பின்னணியில் ஒரு குரல் வரும்: "ஏம்மா, என் கண்ணாடி எங்க?" மூச்சு விடாமல் தாங்கள், "உங்க தலையில" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போவீர்கள். மருந்துக் கடை நடத்தும் தங்கள் கணவர் இதோ அமர்ந்திருக்கிறார். கண்ணாடி இன்றும் தலையில்தான் இருக்கிறது. கடைக்குப் போகத் தாங்கள் எழுதிக் கொடுக்கும் சாமான் பட்டியலிலும் ஏழாவது சாமான் தவறாகவே இருக்கும் என்று அவர் என்னிடம் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

இனி, இந்த அரங்கின் நடுவரிசையில் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் பதினொருவரின் கதைக்கு வருகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பழைய பெருங்கணினியைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அதை மூடிவிட்டு எல்லாவற்றையும் புதிய தளத்துக்கு மாற்ற முடிவானது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் திங்கட்கிழமை வருவார். தேறியவர்களுக்குப் புதுக் குழுவில் இடம், தேறாதவர்கள் அன்றோடு வீட்டுக்கு. எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. போதாக்குறைக்கு, புதிய தளம் வேண்டவே வேண்டாம் என்று மேலாளருக்கு மூன்று மனு எழுதி, அவருடைய கரும்பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தேன். எங்களைத் தேற வைக்கும் பொறுப்பைத் தாங்கள் ஏற்றீர்கள். பயிற்சிக்குக் கிடைத்தவை மூன்றே நாட்கள்: புதன், வியாழன், வெள்ளி.

குற்றமே இல்லாதவர் என்று யாரையும் புகழ்ந்தால் கேட்பவர் நம்ப மாட்டார்கள். ஆகவே தங்கள் பணிக்காலத்தின் ஒரே ஒரு பிழையை இங்கு பதிவு செய்கிறோம். அந்தப் பயிற்சியின் கடைசி நாள் கையேட்டில், வழக்கமாக வைக்கும் தவறை ஏழாம் படியில் வைக்கத் தாங்கள் மறந்துவிட்டீர்கள். பயிற்றுநரின் கவனக்குறைவால் பயிற்சி பயனற்றுப் போனது என்று மேலாளர் கோப்பில் எழுதினார். இருபத்தெட்டு ஆண்டுப் பதிவில் சிவப்பு மையில் உள்ள வரி அது ஒன்றுதான்.

அன்றைய வெள்ளிக்கிழமையை எங்களால் மறக்க முடியுமா! மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பதினொருவரும் வேலையை முடித்துவிட்டு, பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் போலக் காலாட்டிக்கொண்டிருந்தோம். ஒரு திரையும் சிவக்கவில்லை. ஒரு கையும் உயரவில்லை. தங்கள் முகம்தான் வெளுத்தது. கையேட்டைத் திறந்து ஏழாம் படியைப் பார்த்தீர்கள். இரண்டு முறை பார்த்தீர்கள். "யாருக்குமே எதுவும் உடையலையா?" என்றீர்கள். எங்களில் குண்டான நண்பர் ஒருவர் பெருமையாக, "எல்லாம் வெண்ணெய் மாதிரி போச்சு அக்கா!" என்றார். "அதான் பயமா இருக்கு" என்றீர்கள். திங்கட்கிழமைத் தேர்வே, பழுதான நிரல் ஒன்றைக் கொடுத்து அதைப் புதிய தளத்தில் ஓட வைக்கச் சொல்வதுதான். நாங்களோ முதல் இரண்டு நாளின் சின்னத் தடுக்கல்களைத் தவிர, அந்தத் தளத்தில் முழு நிரல் ஒன்று உடைந்து கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

சனி, ஞாயிறு வகுப்பு எடுக்கக் கட்டடத்தைத் திறக்க வேண்டும். அதற்கு மேலாளர் அனுமதி வேண்டும். அவரோ காரணம் கேட்பார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். "கையேட்டுல ஒரு தப்பு நடந்துபோச்சு சார்." "யார் தப்பு?" "என்னோடதுதான் சார்." அவர் பேனாவை எடுத்தார், எழுதினார். சாவியும் கொடுத்தார்.

அந்த இரண்டு நாளில் தாங்கள் உடைத்ததைப் போல எந்தப் படையும் எந்தக் கோட்டையையும் உடைத்ததில்லை! இருபது நிரல்கள், இருபதும் இருபது விதமாகக் கோணல். ஒன்றைச் சரி செய்து நிமிர்வதற்குள் அடுத்தது விழும். நீல வாளி நிறைந்து வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு செருப்பு மிதந்தே போனது. ஞாயிறு மாலை எங்கள் கனவிலும் திரை சிவப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் யாருக்கும் பயமில்லை. மறுநாள் தேர்வாளர் வந்தார். அவர் மடிக்கணினியிலேயே ஏதோ உடைந்து, கேள்வித்தாள் திறக்கவில்லை. எங்கள் குண்டு நண்பர் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டு, "என்ன எதிர்பார்த்தீங்க சார்? என்ன வந்துச்சு?" என்று கேட்டு, சரி செய்து கொடுத்துவிட்டு வந்து தேர்வு எழுதினார். பதினொருவரும் தேறினோம். நான் கடைசியாக, நான்கு நிமிடம் மீதியிருக்கத் தேறினேன். என் வீட்டில் முதலிடம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் மனைவி இரண்டாம் வரிசையில் இருப்பதால் இந்த வரியைத் தங்கை கொஞ்சம் மெதுவாக வாசிக்கவும்.

அடுத்த ஆண்டு பயிற்சித் தலைவர் பதவி காலியானது. தங்களைத் தவிர வேறு யார் என்று வாயிற்காவலர் முதல் வடைக்கடைக்காரர் வரை பேசிக்கொண்டோம். கோப்பைத் திறந்தார்கள், சிவப்பு வரியைப் பார்த்தார்கள், பதவி வெளியாள் ஒருவருக்குப் போனது. "அந்த ரூம்ல ஜன்னலே கிடையாதுப்பா, எனக்கு எதுக்கு?" என்று சிரித்துவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல் புரொஜக்டர் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்த அறைக்கு இரண்டு ஜன்னல் உண்டு, அக்கா. நான் போய் எண்ணிப் பார்த்தேன்.

இப்போது, சத்தியம் வாங்கிய காரணத்துக்கு வருகிறேன். தங்கையே, மைக்கை இறுகப் பிடித்துக்கொள். விளித்து எழுதிய பத்தியை ஒன்று என்று வைத்து எண்ணினால், இம்மடலின் ஏழாம் பத்தி தவறு.

தாங்கள் எதையும் மறக்கவில்லை. அந்த வியாழக்கிழமை மாலை, "பெருசு, போற வழிதானே, இதை நகல் எடுக்கக் கொடுத்துடுங்க" என்று பென் டிரைவை என் கையில் தந்தீர்கள். நகல் அறைக் கணினியில் அதைத் திறந்து, பெரிய மேதாவி போலக் கடைசி நாள் கையேடு முழுவதையும் படித்தேன். ஏழாம் படியில் சர்வர் ஓர் எண்ணில் காத்திருக்க, நிரல் வேறோர் எண்ணில் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. முதல் இரண்டு நாளும் ஏழாம் படியில் தடுக்கி விழுந்த ஆத்திரம் வேறு. அது தங்கள் பாடம் என்று எனக்குத் தெரியாது. தங்களுக்கு வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்! பாவம் அக்கா, அவமானப்படக் கூடாது என்று நானே திருத்தி, பன்னிரண்டு பிரதி எடுத்து, விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். கவனக்குறைவு தங்களுடையது அல்ல. அதிகப்பிரசங்கித்தனம் என்னுடையது.

ஞாயிறு வகுப்பு முடிந்ததும் லிஃப்ட் வாசலில் தங்களிடம் உளற ஆரம்பித்தேன். "தெரியும் பெருசு. ஃபைலைக் கடைசியா எங்க, எப்ப திறந்தாங்கன்னு அதுலயே இருக்கு" என்றீர்கள். "அப்புறம் ஏன் அக்கா மேலாளர்கிட்ட..." "உங்க பேரைச் சொல்லியிருந்தா திங்கக்கிழமை உங்களைத் தேர்வுக்கே விட்டிருக்க மாட்டார். மூணு மனு எழுதின மகராசன் இல்லையா நீங்க?" நான் தலை குனிந்தேன். அப்போது தாங்கள் சொன்னதை இந்த ஒன்பது ஆண்டில் ஒரு நாள்கூட மறந்ததில்லை: "பதினோரு பேர்ல கையேட்டை உட்கார்ந்து முழுசாப் படிச்ச ஒரே ஆளு நீங்கதான். யாரும் கேட்காமலே தப்பைக் கண்டுபிடிச்சு சரியும் பண்ணிட்டீங்க. என் கணக்குல நீங்க வியாழக்கிழமையே பாஸ். இப்ப வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

மூடிக்கொண்டேன். என் ஓய்வு விழாவில் திறக்கப் பார்த்தேன். தாங்கள் மைக்கைப் பிடுங்கி நன்றியுரை சொல்லிக் கூட்டத்தையே கலைத்துவிட்டீர்கள். இன்று மைக் தங்கையிடம் பத்திரமாக இருக்கிறது. "சொல்லிட்டு வர்றதா இருந்தா வாங்க, இல்லன்னா அங்கேயே இருந்துக்குங்க" என்று என் மனைவியும் காலையில் கதவைக் காட்டிவிட்டாள். போன வாரம் இன்றைய தலைவரைப் பார்த்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். ஏழாம் படி எதற்கு என்பதை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை, சட்டம் சட்டம்தான். கோப்பைத் திருத்தத் தயார் என்றார். ஆனால் தவறு தம்முடையது என்று அன்று சொன்னவரே, இல்லை என்று தம் கையால் எழுத வேண்டுமாம். தாங்களாக எழுத மாட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாதா?

ஆகவேதான் இந்தச் சதி. இம்மடலுக்கு மரச்சட்டம் போட்டிருக்கிறோம், கண்ணாடி போடவில்லை. சட்டத்தின் ஓரத்தில் நூல் கட்டி ஒரு பேனா தொங்குகிறது. ஏழாம் பத்தியின் பக்கத்தில் நான்கு விரல் அகலம் இடம் விட்டிருக்கிறோம். தவறான படி ஒன்றைத் தங்கள் கண்முன் வைத்தால், திருத்தாமல் தங்களால் தூங்க முடியாது என்பது இருபத்தெட்டு ஆண்டு அனுபவம். திருத்தியதும் அதன் நகல் கோப்புக்குப் போகும். மடல் பயிற்சி அறைச் சுவருக்குப் போகும், நீல வாளிக்கு நேர் மேலே.

இனி வரும் நாட்களெல்லாம் இனிமை பொங்க, உடம்பில் ஒரு பிழைச் செய்தியும் தலைகாட்டாமல், முழங்கால் முனகாமல், கண் மங்காமல், கணவரின் கண்ணாடி காணாமல் போகும்போதெல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டு, தாங்கள் நெடுங்காலம் நிறைவாக வாழ வேண்டும்! புதிதாய்ப் பிறக்கும் தளமெல்லாம் தங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, எங்களை இவங்களுக்குக் கொஞ்சம் புரிய வையுங்க" என்று கெஞ்ச வேண்டும்! தாங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள் என்று இங்கிருந்தே தெரிகிறது. முறைக்கிறீர்கள் என்றும் தெரிகிறது.

என்ன எதிர்பார்த்தீர்கள், அக்கா? என்ன வந்தது? பேனாவை எடுங்கள்.

இங்ஙனம்,
தங்களால் வேலையில் நிலைத்த பதினொருவர்,
தங்கள் கையேட்டில் தடுக்கி விழுந்து எழுந்த பயிற்சிப் பிரிவு ஊழியர்கள்,
மற்றும் கேட்காமலே திருத்திய பெருசு