சகலைகள் கழற்றிய சீல்

— நெம்பாதே சகலை, நெம்பாதே! நீ ஆபீஸ்ல ஃபைல் புரட்டுற ஆளு. இது வேன் ஆக்ஸில். தள்ளி நின்னு டார்ச்சை மட்டும் பிடி.

— முக்கால் மணி நேரமா அதைத்தானே அண்ணே பிடிச்சிட்டிருக்கேன்.

— சக்கரத்தைக் கழட்டியாச்சு, ஷாஃப்ட்டை உருவியாச்சு. எண்ணெய் ஒழுகாம தடுக்கிற வளையம், இந்தப் பொடி சீல், வருவேனான்னு உட்கார்ந்திருக்கு பாரு! புது மாப்பிள்ளைகூட இவ்வளவு முறுக்கிக்க மாட்டான்.

— என்னங்க! அத்தான்! அம்மா கிளம்பி வாசல்ல உட்கார்ந்துட்டாங்க. நாலு மணிக்குக் கண் ஆபரேஷன். வாடகை வண்டி கூப்பிடவா?

— மெக்கானிக் மருமகன் இருக்கிற வீட்ல வாடகை வண்டியா? என் மானம் என்ன ஆகுறது கொழுந்தியா! பத்தே நிமிஷம்!

— முன்னாடியும் இதே பத்து நிமிஷம்தான் சொன்னீங்க அத்தான்.

— போயிட்டாளா?

— போயிட்டா.

— உன் பொண்டாட்டி கேள்வி கேட்டா வக்கீலே வாயடைச்சுப் போயிடுவாருய்யா. அந்தச் சுத்தியலை எடு.

— வேண்டாம் அண்ணே. அடிச்சா உள்வட்டம் கீறிடும். அப்புறம் புது சீல் போட்டாலும் ஒழுகும், பிரேக்கெல்லாம் எண்ணெயாயிடும்.

— ஓஹோ. இது எந்த ஃபைல்ல எழுதியிருந்துச்சு?

— சீலோட தகரத்துல எதிரும் புதிருமா ரெண்டு சின்ன ஓட்டை போடலாம். ஸ்க்ரூ முறுக்கி, இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு மாத்தி மாத்தி இழுக்கணும். ஒரே பக்கமா இழுத்தா கோணிக்கிட்டு இன்னும் இறுகிடும்.

— பின்னாடி பேரிங் இருக்குய்யா!

— தகரத்தைத் தாண்டாம துளைங்க. ட்ரில் நுனியில கிரீஸ் தடவிக்குங்க. இரும்புத்தூள் உள்ளே விழாம அதுலயே ஒட்டிக்கும்.

— ம்... துளைச்சாச்சு. ஸ்க்ரூவும் ஏறிடுச்சு. நீ அந்தக் குறடைப் பிடி.

— மெதுவா. உங்க பக்கம். இப்ப என் பக்கம்.

— அசையுது, அசையுது!

— பேசாம இழுங்க அண்ணே.

— வந்துடுச்சுய்யா! அலுங்காம குலுங்காம வந்துடுச்சு! இருபது வருஷமா ஸ்பானர் பிடிக்கிறேன், அந்த கிரீஸ் விஷயம் எனக்கே தோணலை. உண்மையைச் சொல்லு, எங்க கத்துக்கிட்டே?

— சத்தமா பேசாதீங்க. ஆபீசை மூடிட்டாங்க அண்ணே. மூணு மாசமாச்சு.

— என்னது? தினம் காலையில இஸ்திரி போட்ட சட்டையோட கிளம்புறியே!

— ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி ஷெட். அங்க தொழில் பழகுறேன். உங்ககிட்ட வந்து நிக்க வெட்கமா இருந்துச்சு.

— என்கிட்ட உனக்கென்னய்யா வெட்கம்? அவளுக்குத் தெரியுமா?

— மூச்சு விடலை. சாயங்காலம் அங்கயே குளிச்சு, சட்டையை மாத்தி, சென்ட் அடிச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். ஏன் அண்ணே எனக்குப் பின்னாடியே பார்க்குறீங்க?

— அந்த சென்ட்டு கிரீஸ் வாடைக்கா? பாவி மனுஷா, எவளோ ஒருத்தின்னு நினைச்சு, ஆபரேஷன் முடிஞ்சதும் அம்மாகூடவே ஊருக்குப் போயிடலாம்னு என் பெட்டியையும் கட்டி வச்சுட்டேனே!