ரெண்டு நாள் தள்ளி

டெய்சி: அந்தப் பொட்டியக் கீழ வை ராமாமணி. பேசிட்டிருக்கறேன்ல...

ராமாமணி: பேசுங்கக்கா, காது கேக்குது. அஞ்சு மணிக்கு மில்லு வேன் வந்துரும்.

டெய்சி: அறுபத்தோரு வயசுல மில்லு ஹாஸ்டலுக்கு வார்டன். அந்த முட்டிய வெச்சுட்டு மூணு மாடி ஏறப்போறியாக்கும்?

ராமாமணி: ஹாஸ்டல் புள்ளைங்க தூக்கிட்டுப் போவாங்க.

டெய்சி: வெளையாடாத. எங்கூட்டுல பின்னாடி ரூமு சும்மாதான கெடக்குது? வந்து இரு அம்மணி.

ராமாமணி: இருந்து... சோத்துக்கு?

டெய்சி: நான் திங்கறத நீயும் தின்னு. எனக்கு ஒருத்திக்கு எதுக்கு அத்தன பென்சன்?

ராமாமணி: நீங்க குடுத்து வெச்சவங்க. ஒரே ஆபீசு, பக்கத்துப் பக்கத்து மேசை, ஒரே டைப்பிங் வேலை. ரிட்டையரானதும் ஒரே மாசம். உங்களுக்கு மாசம் பொறந்தா முப்பத்தஞ்சாயிரம். எனக்கு மொத்தமாக் குடுத்தாங்க, அது எங்கூட்டுக்காரரு ஆஸ்பத்திரிச் செலவோட போச்சு. அவரும் போயிட்டாரு.

டெய்சி: ரெண்டே நாளு...

ராமாமணி: ஆமாங்க. நீங்க மார்ச் முப்பத்தொண்ணு, திங்கக்கெழமை வேலைக்குச் சேர்ந்தீங்க. எங்க தெலுங்குக்காரங்க ஊட்டுல நல்லது எதுன்னாலும் உகாதிக்குத்தான். புதுச்சீலை கட்டி, வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்டுப்போட்டு, புதன்கெழமை வந்து கையெழுத்துப் போட்டேன்.

டெய்சி: ஏப்ரல் ஒண்ணுல இருந்து கவர்மெண்டு வேலைக்குச் சேர்ந்தவங்களுக்குப் பழைய பென்சன் இல்லைன்னு அந்த ஆகஸ்ட்லதான சொன்னாங்க? ஆருக்குத் தெரியும்...

ராமாமணி: ஆருக்கும் தெரியாதுங்க. அந்தத் துண்ட எடுங்க, மடிக்கோணும்.

டெய்சி: ராமாமணி... இப்பிடி உக்காரு. இருபத்திரெண்டு வருசமா தொண்டையில நிக்குது. முந்தின சனிக்கெழமை நம்ம சூப்பரண்டு வேங்கடசாமி என்னையப் பாத்தாரு. மார்ச் முடியறதுக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்துருங்க, கணக்கு வருசம் முடியுது, அந்தம்மாகிட்டயும் சொல்லிருங்கன்னாரு.

ராமாமணி: அந்தச் சாவிய இப்பிடிக் குடுங்க, பொட்டியப் பூட்டோணும்.

டெய்சி: நான் சொல்லல. முன்னாடி சேர்ந்தா சீனியாரிட்டில உனக்கு மேல வருவேன்னு... அவ்வளவுதான். பென்சன் போகும்னு சத்தியமாத் தெரியாது.

ராமாமணி: வேன் ஹாரன் அடிக்குதுக்கா.

டெய்சி: நல்லாத் திட்டிப்போடு. திட்டிட்டு என்ற கூட வந்துரு.

ராமாமணி: திட்டறதுக்கு என்னங்க இருக்குது? அந்தப் புதன்கெழமையே சூப்பரண்டு கேட்டாரு, டெய்சி உங்ககிட்டச் சொல்லலையான்னு. சொன்னாங்க சார், நாந்தான் உகாதிக்காக நின்னுட்டேன்னு சொல்லிப்போட்டேன். வந்த மூணாம் நாளே உங்களுக்குக் கெட்ட பேரு வேண்டாம்னு. அன்னைக்கிருந்தே எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சுதான் இருபத்தொரு வருசம் உங்க பக்கத்துல உக்காந்து டைப் அடிச்சேன், அது முடிஞ்சுது. உங்கூட்டுச் சோறு மட்டும் எனக்கு எறங்காதுங்க... தள்ளுங்க, பொட்டிய எடுக்கோணும்.